சுத்திகரிப்பு நிலையம் திறந்தாயிற்று, ஏரி ஏன் இன்னும் கறுப்பு?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். "வளரும் நாடுகளில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஏன் சரியாக நடப்பதில்லை, என்னென்ன தடைகள்" என்று பொதுவாகத்தான் ஆரம்பித்திருக்கிறீர்கள். ஆனால் கீழே உங்கள் ஊரைப் பற்றி நான்கு வரி போட்டிருக்கிறீர்கள்: பாதாளச் சாக்கடைக்காகத் தெருவையெல்லாம் தோண்டினார்கள், ஊருக்கு வெளியே நிலையம் கட்டி ரிப்பன் வெட்டினார்கள், ஆறு வருஷம் ஆகிறது, ஏரி இன்னும் கறுப்பாகவே கிடக்கிறது, பணத்தைத் தின்றுவிட்டார்களா அல்லது நம்மிடம் தொழில்நுட்பம் இல்லையா என்று. நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இந்தக் கடைசி வரியைத்தான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். வளரும் நாடுகள் எல்லாவற்றையும் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது, இந்தியாவைப் பற்றி, அதிலும் தமிழ்நாட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

தொழில்நுட்பம் காரணம் இல்லை என்பதை உறுதியாகச் சொல்லலாம். கழிவுநீரில் காற்றை ஊதி, அதிலேயே வளரும் நுண்ணுயிர்களை வைத்து அழுக்கைத் தின்ன வைக்கும் முறையை 1914-லேயே மான்செஸ்டரில் செய்து காட்டிவிட்டார்கள். இன்று நம்மூரில் ஓடுகிற பெரும்பாலான நிலையங்கள் அதன் பிள்ளையும் பேரனும்தான். ஊழல் ஒரு பங்கு உண்டு, அதற்குப் பின்னால் வருகிறேன். பதினெட்டு வருஷமாக இந்தத் தொட்டிகளைச் சுற்றி நடந்தவன் என்ற முறையில் எனக்குப் பட்டது என்னவென்றால், தொட்டி கெட்டுப்போவதற்கான காரணம் பெரும்பாலும் தொட்டிக்கு வெளியே இருக்கிறது. ஒன்று, அதற்கு வந்து சேரும் குழாயில். இன்னொன்று, அதிலிருந்து வெளியேறும் தண்ணீர் யாருக்கும் வேண்டாததாக இருப்பதில். நான் வேலை பார்த்ததெல்லாம் வீட்டுக் கழிவுநீர், அதாவது நகராட்சி நிலையங்கள், அப்புறம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் எஸ்டிபிகள், அதாவது அந்தக் குடியிருப்புக்குள்ளேயே இருக்கும் சின்னச் சுத்திகரிப்பு நிலையங்கள். சாயப்பட்டறை, தோல் தொழிற்சாலை விஷயங்களை வெளியிலிருந்து பார்த்தவன் மட்டுமே, அங்கே என் வார்த்தையைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே வாசியுங்கள்.

முதலில் கணக்கு. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் வெளியிட்ட பட்டியல்படி இந்திய நகரங்களில் ஒரு நாளைக்கு உருவாகும் கழிவுநீர் 72,368 எம்எல்டி. ஒரு எம்எல்டி என்றால் நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர். கட்டி வைத்திருக்கும் நிலையங்களின் கொள்ளளவு 31,841 எம்எல்டி. உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 20,235 எம்எல்டி, அதாவது உருவாவதில் 28 சதவீதம். தமிழ்நாட்டுக்கு மட்டும் பார்த்தால் உருவாவது 6,421, கட்டியிருப்பது 1,492. செய்திகளில் எல்லாம் நாட்டுக் கணக்கின் மூன்று எண்களில் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள இடைவெளியைத்தான் பேசுவார்கள், "இன்னும் இத்தனை நிலையங்கள் கட்ட வேண்டும்" என்று. எனக்கு உறுத்துவது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள இடைவெளி. பணம் போட்டுக் கட்டி முடித்த கொள்ளளவில் பதினோராயிரம் எம்எல்டிக்கு மேல் சும்மா கிடக்கிறது. இன்னொரு விஷயம், இந்த மூன்று எண்களையும் ஒரே அளவுக்கு நம்ப வேண்டாம். இரண்டாவது ஓரளவு கெட்டியானது, தொட்டியை எண்ணிவிடலாம். முதலாவது அளந்து பார்த்த எண் அல்ல, மக்கள்தொகையையும் குடிநீர் வழங்கும் அளவையும் பெருக்கி, அதில் 80 சதவீதம் சாக்கடையாகத் திரும்பும் என்று வைத்துப் போட்ட கணக்கு. வீட்டுக்கு வீடு போர்வெல் இருக்கிற ஊரில் அது எங்கே பொருந்தப் போகிறது? மூன்றாவது, நிலையங்கள் தாமே எழுதிக் கொடுப்பது. அந்தத் தாள் எப்படி நிரப்பப்படுகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், சொல்கிறேன்.

அதற்கு முன் குழாய். கட்டிய நிலையம் ஏன் சும்மா கிடக்கிறது என்றால், கழிவுநீர் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். நிலையம் என்பது ஒரே இடத்தில், ஒரு சர்வே எண்ணில், ஒரு கான்ட்ராக்டர் கட்டி முடித்துவிடக்கூடிய பொருள். குழாய் அப்படி இல்லை. நானூறு தெரு, அதில் ரயில்வே கேட் ஒன்று, தேசிய நெடுஞ்சாலை ஒன்று, இரண்டுக்கும் தனித்தனியாக அனுமதி, நடுவில் பாறை, நடுவில் தேர்தல். அதெல்லாம் முடிந்து மேன்ஹோல் மூடியும் போட்ட பிறகு ஆரம்பிக்கிறது உண்மையான சிக்கல், வீட்டு இணைப்பு. நம் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். கக்கூஸ் கொல்லையில் இருக்கும், செப்டிக் டேங்க்கும் கொல்லையில் இருக்கும். பாதாளச் சாக்கடைக் குழாய் வாசல் தெருவில் போகிறது. இணைக்க வேண்டுமென்றால் கொல்லையிலிருந்து கூடம், ரேழி, திண்ணை வரை தரையை உடைத்துக்கொண்டு வர வேண்டும். போன வருஷம்தான் டைல்ஸ் போட்டிருப்பார்கள். டெபாசிட் கட்ட வேண்டும், கொத்தனாருக்குக் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு மாதக் கட்டணம் வேறு. இப்போது செப்டிக் டேங்க் நிரம்பி வழிவது பக்கத்துக் கால்வாயில் இலவசமாகப் போய்க்கொண்டிருக்கிறது. நான் அந்த வீட்டுக்காரராக இருந்தாலும் தள்ளித்தான் போடுவேன்.

ஒரு நகராட்சியில், பெயர் வேண்டாம், பத்து எம்எல்டிக்குக் கட்டிய நிலையத்துக்கு இரண்டு எம்எல்டிகூட வராமல் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் குறைவாக வந்தால் நல்லதுதானே, நன்றாகச் சுத்தமாகுமே என்று தோன்றும். நடப்பது வேறு. குழாயில் ஓட்டம் விநாடிக்கு சுமார் 0.6 மீட்டராவது இருந்தால்தான் மணலும் கசடும் அடியில் படியாமல் அடித்துக்கொண்டு போகும். ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் வந்தால் அந்த வேகம் எங்கிருந்து கிடைக்கும்? குழாய் தூர்ந்து, மேன்ஹோல் பொங்கி, "பாதாளச் சாக்கடை வந்ததிலிருந்துதான் தெருவே நாறுகிறது" என்று மக்கள் சொல்வார்கள், அடுத்த தெருக்காரர் அதைப் பார்த்துவிட்டு இணைப்பே வேண்டாம் என்பார். தொட்டியிலும் நுண்ணுயிர்களுக்குத் தீனி போதாது, கூட்டம் கட்டிப் படியாமல் உதிர்ந்து, தண்ணீரோடு வெளியே போய்விடும்.

வந்து சேருவது என்ன என்பது அடுத்தது. கல்யாண மண்டபத்து எண்ணெய், ஓட்டல் கொழுப்பு, துணி, நாப்கின், பிளாஸ்டிக் உறை, நிலையத்தின் வாசலில் இருக்கும் கம்பிச் சல்லடையில் தினமும் இதைத்தான் வாரி எடுக்கிறோம். மழைக்காலத்தில் வீட்டு மொட்டை மாடித் தண்ணீரையும் இதிலேயே திருப்பிவிடுவார்கள், அன்றைக்கு வருவதில் பாதி மழைநீர். தலைகீழாக, மழைநீர் வடிகாலில் சாக்கடை ஓடும். அப்புறம் கழிவுநீர் லாரி. வீட்டுக் கழிவுநீரின் பிஓடி, அதாவது அதிலுள்ள அழுக்கைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற அளவு, லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் இருக்கும். செப்டிக் டேங்க்கிலிருந்து உறிஞ்சியது ஆயிரக்கணக்கில் போகும். சின்ன நிலையத்தின் மேன்ஹோலில் ராத்திரி இரண்டு மணிக்கு நான்கு லாரி கொட்டினால், பச்சைக் குழந்தைக்கு மூன்று வேளைச் சாப்பாட்டை ஒரே தடவையில் ஊட்டியது போல.

லாரிக்காரர்களைத் திட்டுவது எளிது, ஆனால் தமிழ்நாட்டின் பெரும்பாலான சிற்றூர்களுக்கும் பேரூராட்சிகளுக்கும் பாதாளச் சாக்கடை இன்னும் பல வருஷத்துக்கு வரப்போவதில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை என்பது என் கருத்து. செப்டிக் டேங்க்கை ஒழுங்காகக் கட்டி, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து, எடுத்ததைக் கொட்ட ஒரு முறையான இடம் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். 2014-ல் தமிழ்நாடு அரசு இதற்கென்று வழிகாட்டு நெறிமுறைகள் போட்டது. 2017-ல் மதுராந்தகம் பக்கத்தில் கருங்குழியில் லாரிக் கழிவை மட்டுமே வாங்கிச் சுத்திகரிக்கும் நிலையம், மாநிலத்தில் முதலாவது, வந்தது. பிரம்மாண்டம் எதுவும் கிடையாது, கசடை உலர்த்தும் படுகைகள், வடியும் நீரைச் சுத்திகரிக்கும் குளங்கள், அவ்வளவுதான். இதைப் போன்றவை பெருகியதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். சங்கடம் ஒன்று உண்டு, பல வீடுகளில் "செப்டிக் டேங்க்" என்பது அடியில் பூசாத ஒரு குழி. நிரம்பவே நிரம்பாது, கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், பத்தடி தள்ளிக் கிணறு இருக்கும். "எங்க டேங்க் இருபது வருஷமா எடுத்ததே இல்ல சார்" என்று பெருமையாகச் சொல்வார்கள்.

சரி, ஒருவழியாகத் தண்ணீர் தொட்டிக்குள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஓடுகிற நிலையத்தில் காலை ஏழு மணிக்குப் போய் நின்றால் முதலில் மூக்குக்குத் தெரியும். நல்ல தொட்டியில் சாக்கடை நாற்றமே இருக்காது, மழை நனைத்த மண்ணின் வாடை அடிக்கும். தண்ணீர் நாட்டுச் சர்க்கரை நிறத்தில் கொதிப்பது போல் புரண்டுகொண்டிருக்கும். ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் அதை மொண்டு அரை மணி நேரம் அசையாமல் வைத்தால், பழுப்புக் கசடு முந்நூறு நானூறு மில்லி அளவில் கீழே உட்கார்ந்துவிடும், மேலே கண்ணாடி போலத் தெளிவு. இந்த ஒரு சோதனைக்கு லேப் வேண்டாம், கையில் கடிகாரம் இருந்தால் போதும். கறுத்துப்போய் அழுகிய முட்டை வாடை அடித்தால், ராத்திரி காற்று போகவில்லை என்று அர்த்தம்.

ஏன் போகவில்லை? இவ்வகை நிலையங்களின் மின்செலவில் பாதிக்கு மேல் காற்று ஊதுவதற்கே போகிறது. மின்கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று யார் உட்கார்ந்து யோசித்தாலும் கை நேராக ப்ளோயர், அதாவது காற்று ஊதும் இயந்திரத்தின் சுவிட்சுக்குத்தான் போகும். கரன்ட் போய் ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாததும் உண்டு. அடுக்குமாடிகளில் இன்னொரு வேடிக்கை, எஸ்டிபி தரைத்தளத்துக்குக் கீழே இருக்கும், ப்ளோயர் இரைச்சலில் தூக்கம் வரவில்லை என்று முதல் மாடிக்காரர் புகார் கொடுப்பார், சங்கத்தில் தீர்மானம் போட்டு ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை நிறுத்திவிடுவார்கள். எட்டு மணி நேரம் மூச்சு விடாமல் இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வா என்றால் எந்த உயிர் வரும்? செத்த தொட்டியை எழுப்ப வாரக்கணக்கில் ஆகும். சாணியைக் கரைத்து ஊற்றுவோம், வெல்லம் போடுவோம், பக்கத்து நிலையத்திலிருந்து நல்ல கசடை லாரியில் கொண்டுவந்து தயிருக்கு உறை ஊற்றுவது போல ஊற்றுவோம். இரண்டு வாரம் கழித்து உருளையில் கசடு உட்காரும்போது வரும் நிம்மதி இருக்கிறதே, அது தனி.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டியவர் ஆபரேட்டர். கோடிக்கணக்கில் போட்ட நிலையத்தை, கான்ட்ராக்டருக்குக் கீழே இன்னொரு கான்ட்ராக்டர் வைத்து, செக்யூரிட்டிக்குக் கொடுக்கும் சம்பளத்தில் ஓட்டச் சொல்வார்கள். பயிற்சி என்பது போன ஆள் போகும்போது சொல்லிவிட்டுப் போனது. என்னுடைய தொழிலில் வெட்கப்பட வேண்டிய விஷயம் இதுதான்: வடிவமைக்கிறவர்களான நாங்கள் ஜெர்மன் சென்சார் எதை வாங்குவது என்று ஆறு மாதம் விவாதிப்போம், அந்த சென்சாரை யார் துடைக்கப் போகிறார்கள் என்று ஒரு கூட்டத்திலும் பேசியதாக எனக்கு நினைவில்லை. சாதியைச் சொல்லாமல் இதை விளக்கவும் முடியாது. மலம் சம்பந்தப்பட்ட வேலை என்றால் அது "அவர்கள்" வேலை என்று ஊரே முடிவு செய்து வைத்திருக்கிறது, அதனால் அந்த வேலைக்குச் சம்பளமும் மரியாதையும் பாதுகாப்பும் ஏற மாட்டேன் என்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த சட்டம் 2013-ல் வந்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது, 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. அப்படியும் ஆட்கள் இறங்குகிறார்கள், சாகிறார்கள். மேன்ஹோலுக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை போல நாறும், அதிகமானால் மூக்கு மரத்து வாடையே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று இறங்குகிறவர் திரும்பி வருவதில்லை. இதைப் படிக்கிற யாராவது வீட்டு டேங்க்குக்குள் ஆளை இறக்க நினைத்திருந்தால், தயவுசெய்து வேண்டாம்.

இப்போது அந்தத் தாள். ஒரு நிலையத்துக்கு ஆய்வுக்குப் போயிருந்தபோது பதிவேட்டைக் கேட்டேன். தொட்டி நீரின் ஆக்சிஜன் அளவு 2.1, 2.0, 2.2, 2.1 என்று ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், அழகாக. பக்கத்தைத் திருப்பினால் மறுநாளுக்கும் எழுதி வைத்திருந்தது. அந்தப் பையனிடம் கேட்டால், "நாளைக்கு நான் லீவு சார்" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையான எண்ணை எழுதினால் அவனுக்கு என்ன கிடைக்கும்? மேலே இருப்பவர் திட்டுவார், வாரியத்திலிருந்து நோட்டீஸ் வரும், ப்ளோயர் பெல்ட் மட்டும் வராது.

தர நிர்ணயமும் இதில் கொஞ்சம் விளையாடியிருக்கிறது. பழைய கணக்குப்படி வெளியேறும் நீரின் பிஓடி 30-க்குள் இருந்தால் போதும். 2017 அக்டோபரில் வந்த மத்திய அரசின் அறிவிக்கை பெருநகரங்களுக்கு 20, மற்ற இடங்களுக்கு 30 என்றது. 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 10 வேண்டும் என்றது. 250-ஐ 30 ஆக்குவது ஒழுங்காக ஓடுகிற சாதாரணத் தொட்டியால் முடியும். 30-ஐ 10 ஆக்க வேறு வகை நிலையம் வேண்டும், அல்லது கடைசியில் வடிகட்டிகள் சேர்க்க வேண்டும், செலவு ஏறும். ஊரில் பாதி வீட்டுக் கழிவு 250-லேயே ஏரிக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, மீதிப் பாதியை 10 ஆக்கச் செலவழிப்பதைவிட அந்தப் பணத்தில் இன்னும் ஆயிரம் வீட்டை இணைப்பதே ஏரிக்கு நல்லது என்று நான் நினைக்கிறேன். இது என் கருத்து மட்டுமே. தரத்தைத் தளர்த்தினால் அதையே சாக்காக வைத்து இருப்பதையும் விட்டுவிடுவார்கள் என்று வாதாடுகிற, என்னைவிட அனுபவசாலிகள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

பணம் என்ற இடத்துக்கு வருவோம். கட்டுவதற்குப் பணம் கிடைக்கிறது. மத்திய அரசுத் திட்டம், உலக வங்கி, ஜெர்மன் வங்கி, ஜப்பான் கடன், எதிலிருந்தாவது வரும். ஓட்டுவதற்கான பணம் நகராட்சியின் சொந்த வருமானத்திலிருந்து, மாதாமாதம், காலம் முழுக்க வர வேண்டும். திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு வைப்பார்கள், தொட்டியின் அடியில் காற்றைக் குமிழாக விடும் டிஃப்யூசரை மாற்றியதற்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்? இதை நம் ஆட்கள் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்ல மாட்டேன். 1986-ல் ஆரம்பித்த கங்கைச் செயல்திட்டத்தில் மின்சாரம் குறைவாகப் பிடிக்கும் என்று, காற்றே ஊதத் தேவையில்லாத, நெதர்லாந்துக்காரர்கள் உதவியுடன் வந்த ஒரு முறையைக் கான்பூரில் கொண்டுவந்தார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் கழிவை நிலையம் வரை ஏற்றிக் கொண்டுவரும் பம்புக்கு மின்சாரம் வேண்டுமே, அது போனால் எல்லாம் நேரே கங்கைக்கு. தோல் தொழிற்சாலைகளின் குரோமியமும் வந்து கலந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, கங்கையைச் சுத்தப்படுத்தும் சமீபத்திய மத்திய அரசுத் திட்டமான நமாமி கங்கேயில் ஒரு மாற்றம் செய்தார்கள்: கட்டும்போது செலவில் 40 சதவீதம்தான் கான்ட்ராக்டருக்கு, மீதி 60 சதவீதம் 15 வருஷத்தில் தவணையாக, நிலையம் எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுத்து. வாரணாசியிலும் ஹரித்வாரிலும் முதலில் கையெழுத்தானது. கட்டிவிட்டு ஓடிப்போக முடியாத ஏற்பாடு என்ற அளவில் இது சரியான திசை. அங்கேயும் குழாய்ப் பிரச்சினை கான்ட்ராக்டர் கையில் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

இங்கேதான் ஊழல் பற்றிய உங்கள் கேள்வி. டெண்டரில் கமிஷன் போகாது என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் என் கணிப்பில், களவு போன பணத்தால் கெட்டுப்போன நிலையங்களைவிட, நேர்மையாகக் கட்டி முடித்துவிட்டுப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்காததால் கெட்டவை அதிகம். ஊழலின் பெரிய கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது: எது கட்டப்பட வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. வெயில் கொளுத்தும் நம் நாட்டில் பெரிய குளங்கள் வெட்டிக் கழிவுநீரைப் பல நாள் தேக்கி வைத்தாலே பாசியும் வெயிலும் பாதி வேலையைச் செய்துவிடும், மின்சாரமும் பெரிதாக வேண்டாம். கொல்கத்தாவுக்குக் கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலத்தில் சாக்கடையை மீன் குளங்களில் விட்டு மீனும் வளர்க்கிறார்கள், தண்ணீரும் சுத்தமாகிறது, 2002-லிருந்து அது ராம்சர் தளம், அதாவது உலக அளவில் முக்கியம் என்று பட்டியலிடப்பட்ட சதுப்பு நிலம். குளத்துக்கு நிலம் நிறைய வேண்டும் என்பது உண்மையான தடை. ஆனால் நிலம் இருக்கிற ஊர்களிலும் மெஷின்தான் வாங்குகிறார்கள். மண்ணை வெட்டுவதில் விற்பதற்கு என்ன இருக்கிறது?

இதுவரை சொன்னதெல்லாம் ஒப்பாரி. ஓடுகிற இடங்கள் எப்படி ஓடுகின்றன என்று பார்த்தால்தான் எனக்கு விஷயமே பிடிபட்டது. சென்னையில் குடிநீருக்கே தட்டுப்பாடு, ஆலைகளுக்கு எங்கே போவது? மணலியில் இருக்கும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1990-களின் தொடக்கத்திலிருந்தே நகரத்துக் கழிவுநீரை வாங்கித் தானே மேலும் சுத்தப்படுத்திப் பயன்படுத்துகிறது. 2019-ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 45 எம்எல்டிக்குச் சவ்வூடு வடிகட்டி நிலையங்கள் வந்தன. ஒன்றின் தண்ணீர் மணலிப் பக்கத்து ஆலைகளுக்கு, இன்னொன்றின் தண்ணீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம். இங்கே என்ன மாறியது? தண்ணீருக்கு ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். தரம் குறைந்தால் அன்றைக்கே போன் வரும், ஆலை நின்றுவிடும், காசு கொடுக்க மாட்டார்கள். ஏரிக்கு விட்டால் ஏரி போன் செய்யுமா?

வாடிக்கையாளர் இல்லாத இடத்தில் நீதிமன்றம் அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. திருப்பூர் அதற்கு உதாரணம். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவைத் தேக்கும் தொட்டியாகிப் போய், கீழே இருக்கும் விவசாயிகள் வருஷக்கணக்கில் வழக்கு நடத்தி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடாமல், தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தினால்தான் திறக்கலாம் என்ற நிலை. இன்று அங்கே பொது சுத்திகரிப்பு நிலையங்கள் அப்படித்தான் ஓடுகின்றன. மீட்கும் உப்பும் தண்ணீரும் பட்டறைக்கே பயன்படுவதால் செலவில் ஒரு பகுதியாவது திரும்புகிறது. அதற்காகும் மின்சாரமும் விறகும், கடைசியில் மிஞ்சும் கலவை உப்பை எங்கே வைப்பது என்ற கேள்வியும் இன்னும் தீரவில்லை, அதை அந்தத் துறைக்காரர்கள் யாராவது வந்து எழுதினால் நல்லது.

கசடைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தண்ணீர் சுத்தமானால் அழுக்கு எங்கே போகும்? கசடாகச் சேரும். அதை வாரம் தவறாமல் வெளியே எடுக்க வேண்டும், உலர்த்த வேண்டும், எங்காவது போட வேண்டும். வீட்டுக் கழிவு மட்டும் என்றால் நன்றாகப் பதப்படுத்தி வயலுக்குப் போடலாம். நடைமுறையில் எடுத்துப் போட இடமில்லாமல், லாரி வாடகை இல்லாமல், உள்ளேயே விட்டுவிடுகிறார்கள், ஒரு நாள் அது வழிந்து தண்ணீரோடு போய்விடும்.

உங்கள் ஊருக்கு என்ன செய்யலாம் என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று விஷயம் கேளுங்கள். திட்டப்படி எத்தனை வீட்டு இணைப்பு, இன்று வரை எத்தனை கொடுத்தாயிற்று. கடந்த ஒரு வருஷத்தில் நிலையத்திலிருந்து எத்தனை லோடு கசடு வெளியே போனது. மாதவாரியாக மின்கட்டண ரசீது. பிஓடி அறிக்கையைக் கேட்காதீர்கள், அது எப்போதும் 18 என்றுதான் வரும். மின் ரசீதை ஆபரேட்டர் எழுதுவதில்லை, மீட்டர் எழுதுகிறது. ப்ளோயரின் குதிரைத்திறனை 0.75-ஆல் பெருக்கி, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட வேண்டுமோ அதனால் பெருக்கினால் தோராயமாக எத்தனை யூனிட் என்று வந்துவிடும், ரசீதில் அதில் கால்வாசிகூட இல்லையென்றால் ஏரி ஏன் கறுப்பு என்பதற்கு விடை கையில் இருக்கிறது. ஒன்று கவனம், நீரேற்று நிலையங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின் இணைப்பு எண் இருக்கும். "சுத்திகரிப்பு நிலையம்" என்று மட்டும் எழுதினால் அதை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், எல்லா எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள். ரசீது வந்ததும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.